பயனாளிகளின் எண்ணிக்கையும் பத்தொன்பது பேருந்துச் சீட்டுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நகரங்களில் வன்முறைக்கும் சுரண்டலுக்கும் ஆளாகும் பதின்பருவத்தினரைக் காக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றின் பணியைப் பாராட்டித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பாராட்டு தகும். ஆயினும் எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை பள்ளிகளில் விழிப்புணர்வு முகாம், எத்தனை பேர் மீட்கப்பட்டனர் என்று கட்டுரை முழுவதும் எண்ணிக்கையாகவே அமைந்துவிட்டது. இப்படிப்பட்ட எண்களைத் தயாரித்துக் கொடுப்பதையே ஏழாண்டுகள் வேலையாகச் செய்தவன் என்ற முறையில், அவை எதைச் சொல்கின்றன, எதை விழுங்கிவிடுகின்றன என்பது எனக்கு ஓரளவு தெரியும். இதே துறையில் இயங்கிய வேறொரு சிறிய தொண்டு நிறுவனத்தில் நான் பகுதிநேரக் கணக்கராக இருந்தேன். அந்தப் பிள்ளைகளை நேரில் பார்த்தது குறைவு. அவர்களுக்காகச் செலவான தொகைக்குரிய பற்றுச்சீட்டுகளுக்கு எண் போட்டுக் கோப்பில் ஒட்டியதே அதிகம்.

ஒரு நிதியாண்டின் முடிவில் தணிக்கையாளர் ஒரு கட்டுப் பேருந்துச் சீட்டுகளைத் தனியே எடுத்து வைத்து விளக்கம் கேட்டார். ஒரே களப்பணியாளர், ஒரே வழித்தடம், இறங்கிய நிறுத்தமும் ஒன்றே. எல்லாம் இரவு ஒன்பது மணிக்கு மேற்பட்டவை. எண்ணினால் 19 இருந்தன. "ஒரே பையனைப் பார்க்க இத்தனை முறை போக வேண்டுமா?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான், எனக்கும் அதே ஐயம் இருந்தது. களப்பணியாளரை அழைத்துக் கேட்டேன். முதல் ஆறேழு முறை அந்தப் பையன் முகம் கொடுத்தே பேசவில்லையாம். பிறகு சில வாரங்கள் கால்பந்தைப் பற்றி மட்டும் பேசினானாம். ஒரு நாள் இவர் போய்ச் சேர அரைமணி நேரம் பிந்தியபோது, "ஏன் லேட்டு?" என்று கேட்டிருக்கிறான். அந்த இரண்டு சொற்களைத் தேதியிட்டுத் தம் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். பத்தொன்பதாவது முறை போனபோதுதான், தன்னிடம் இன்னொரு கைபேசி இருக்கிறது என்றும், அது தன்னுடையதன்று என்றும், அது அடித்தால் எந்நேரமானாலும் கிளம்பியாக வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறான். அந்த ஆண்டறிக்கையில் இவ்வளவு உழைப்பும் 'பயனாளி: 1' என்று பதிவானது. அரங்கில் இரண்டு மணி நேரச் சொற்பொழிவு கேட்டுவிட்டுக் கலைந்த 300 மாணவர்கள் 'பயனாளிகள்: 300' என்று பதிவானார்கள். இரண்டு வரிகளையும் தட்டச்சு செய்தவன் நான்தான்.

அந்த இரண்டாவது கைபேசியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; இந்தச் சுரண்டலின் சூட்சுமம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. பிரிட்டனில் 'கவுண்ட்டி லைன்ஸ்' என்று அழைக்கப்படும் போதைப்பொருள் வணிகத்தில் 'லைன்' என்பது இத்தகைய கைபேசி இணைப்பைத்தான் குறிக்கும். பெருநகரக் கும்பல் ஒன்று வெளியூர்களில் சரக்கு விற்பதற்கென்று தனி எண் ஒன்றை வைத்துக்கொள்கிறது. அதில் வரும் அழைப்புக்கேற்பச் சரக்கைக் கொண்டு சேர்ப்பதும் பணத்தைத் திருப்பிக் கொண்டு வருவதும் பதின்பருவப் பிள்ளைகளின் வேலை. அவர்கள் காவலர்களின் கண்ணை அவ்வளவாக உறுத்தமாட்டார்கள், கொடுத்த கூலியை வாங்கிக்கொள்வார்கள், மிரட்டினால் அடங்குவார்கள் என்பதே அவர்களைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம்.

தொடக்கத்தில் மிரட்டல் எதுவும் இராது. ஒரு நாள் புதுக் காலணி வரும். தோளில் கை போட்டு, இன்றைக்கு ஏன் முகம் வாடியிருக்கிறது என்று, வீட்டிலும் பள்ளியிலும் எவரும் கேட்காத கேள்வியைக் கேட்கும் அண்ணன் ஒருவன் வருவான். அதன்பின் சிறு வேலை ஒன்று, அதன்பின் ஒரு பொட்டலம். சில வாரங்கள் கழித்து வழியில் யாரோ அந்தப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு ஓடுவார்கள். பறித்தவர்களை அனுப்பியதும் அதே கும்பல்தான் என்பது பையனுக்குத் தெரியாது. பறிபோன சரக்கின் மதிப்பு அவன் பெயரில் கடனாக எழுதப்படுகிறது. அடைக்க அடைக்க வளரும் கடன் அது. கொத்தடிமை முறையைப் பற்றி அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இராது. அங்கே முன்பணம் இருந்த இடத்தில் இங்கே பொட்டலம் இருக்கிறது, அவ்வளவுதான். பெண் பிள்ளைகளிடம் இதே கணக்கு காதல் என்ற பெயரில் நடக்கிறது. நம்பி அனுப்பிய ஒரே ஒரு படம் கடன் பத்திரமாகிவிடுகிறது. அதை வெளியிடாமல் இருப்பதற்காக வாரந்தோறும் எதையேனும் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆண் பிள்ளைகளும் இப்போது இதே பொறியில் விழுகிறார்கள் என்றால் பெற்றோர் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

இப்படிச் சிக்கிய பிள்ளைகளில் பலர் தங்களைச் சுரண்டப்படுபவர்களாகக் கருதுவதேயில்லை. சொந்த விருப்பத்தில் சம்பாதிப்பதாகவும், கடன் என்பது தன் கவனக்குறைவால் வந்ததென்றும், அதைத் தீர்த்துவிட்டால் விலகிவிடலாம் என்றும் அந்தப் பையன் நம்பிக்கொண்டிருந்தான். உதவி எண்ணை அச்சிட்ட சுவரொட்டி அவன் பள்ளி வாசலிலேயே இருந்தது. அது வேறு யாருக்கோ ஒட்டப்பட்டது என்று நினைத்து நாள்தோறும் அதைக் கடந்து போயிருக்கிறான்.

சட்டம் இவ்வுண்மையை முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. பாலெர்மோ நெறிமுறை என்று அறியப்படும், 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. ஆட்கடத்தல் தடுப்பு நெறிமுறையின்படி, 18 வயது நிரம்பாத ஒருவரைச் சுரண்டும் நோக்கத்துடன் சேர்த்துக்கொள்வதும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதும், அச்சுறுத்தலோ ஏமாற்றோ அதில் இல்லாவிட்டாலும்கூட, ஆட்கடத்தலே ஆகும். பிள்ளை சம்மதித்துத்தான் வந்தது என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, சுரண்டலின் நேரடி விளைவாகக் குற்றம் செய்ய நேர்ந்த பிள்ளைக்கு, கடுமையான சில குற்றங்கள் நீங்கலாக, அதையே தற்காப்பு வாதமாக முன்வைக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் நள்ளிரவில் தொடர்வண்டி நிலையத்தில் பையில் சரக்குடன் பிடிபடும் பதினைந்து வயதுப் பையன் இந்தப் பிரிவுகளையெல்லாம் எடுத்துச் சொல்லமாட்டான். வாயைத் திறந்தால் வீட்டில் இருக்கும் தங்கைக்கு என்ன நேரும் என்பது அவனுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கும். அவனுடைய கடந்த ஆறு மாதக் கதையைத் தேதிவாரியாகச் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர் அந்த அறையில் இருந்தால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவனை வேறு கண்ணோடு பார்ப்பார். எங்கள் களப்பணியாளரின் குறிப்பேடு ஒருமுறை அப்படி ஒரு மேசைக்குப் போயிற்று. குறிப்புகளின் தேதிகள் உண்மையானவை என்று காட்டுவதற்காக அதனுடன் இணைக்கப்பட்டவை, தணிக்கையாளர் ஆட்சேபித்த அதே பேருந்துச் சீட்டுகளின் நகல்கள்.

காயம்பட்ட இளைஞரை மருத்துவமனையிலேயே சந்திக்கும் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் 'யூத் அலைவ்' என்ற அமைப்பு 1994-இல் இதைத் தொடங்கியது. லண்டனின் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் 'ரெட்திரெட்' என்ற தொண்டு நிறுவனம் 2006-இல் தொடங்கியது. குத்துப்பட்டுக் கிடப்பவனைத் தேடி அன்றிரவே இரண்டு தரப்பினர் வந்துவிடுவார்கள். ஒரு தரப்பு பழிதீர்க்கத் துடிக்கும் நண்பர்கள். மறுதரப்பு வாக்குமூலம் கேட்கும் காவலர்கள். இவர்கள் இருவரிடமிருந்தும் வேறுபட்ட ஒருவர், சீருடையும் இல்லாமல் பகையும் இல்லாமல், கட்டிலுக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வலி எப்படி இருக்கிறது, இங்கிருந்து வெளியேறினால் எங்கே போய்த் தங்குவாய் என்று கேட்பதற்கு அந்த ஓரிரு மணி நேரம் போல வாய்ப்பான வேளை வேறில்லை. ஆனால் அந்த வேளை விரைவில் கடந்துவிடும். உருப்படியான திட்டங்கள் கட்டிலருகே முடிந்துவிடாமல், இளைஞன் வெளியேறிய பிறகும் பல மாதங்கள் அவனோடு நடக்கின்றன. இத்துறையில் எளிதில் செய்தியாவது கட்டிலருகே நடந்த உரையாடல். யாரும் படம் எடுக்காதது அதற்குப் பிந்தைய மாதங்கள்.

தொடர்ச்சியை அறுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குச் சிகாகோ நகரத்தைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். தொற்றுநோய் மருத்துவரான கேரி ஸ்லட்கின், வன்முறையும் நோயைப் போலவே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது என்ற கருத்தில் 2000-ஆம் ஆண்டில் அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கினார். தெருவை நன்கறிந்த, பலர் ஒருகாலத்தில் அதே வாழ்க்கையில் இருந்து மீண்ட மனிதர்கள், சண்டை மூளும் முன்னரே இரு தரப்பிடமும் பேசித் தணிப்பதே அதன் வழிமுறை. 2015-இல் மாநில அரசு அதற்கான நிதியை முடக்கியது. 2016-இல் அந்நகரில் கொலைகள் 700-ஐத் தாண்டின. நிதி முடக்கமே அதற்குக் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், ஏனெனில் காவல்துறையின் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை குலைந்துபோனதும் அதே காலத்தில்தான். இன்னும் தெளிவான சான்று லண்டனிலிருந்து கிடைக்கிறது. 2010-க்கும் 2019-க்கும் இடையில் அங்கிருந்த இளைஞர் மன்றங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு மூடப்பட்டன. பிரிட்டனின் பொருளாதார ஆய்வு அமைப்பான நிதியியல் ஆய்வு நிறுவனம் (ஐ.எஃப்.எஸ்.) 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அருகிலிருந்த மன்றத்தை இழந்த பதின்பருவத்தினர் குற்றத்தில் ஈடுபடுவது 14 விழுக்காடு கூடியது. மிச்சப்படுத்திய ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகம் ஏறக்குறைய மூன்று பவுண்டு இழந்தது. அந்த மன்றங்களில் பெரிதாக என்ன இருந்துவிடப் போகிறது? ஒரு மேசைப்பந்துப் பலகை, சில நாற்காலிகள், மாலைதோறும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒருவர். பலகையை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம்.

இனி என் ஆதங்கத்துக்கு வருகிறேன். எங்கள் நிறுவனத்துக்கு வந்த நல்கைகள், அதாவது நன்கொடையாளர்கள் ஒரு திட்டத்துக்கென்று தரும் நிதியுதவிகள், பெரும்பாலும் பன்னிரண்டு மாதத்துக்கானவை. ஆள் தேர்வும் பின்னணிச் சரிபார்ப்பும் பயிற்சியும் முதல் மூன்று மாதங்களைத் தின்றுவிடும். கடைசி மூன்று மாதங்களில் பயன்பாட்டுச் சான்றிதழும் நிறைவறிக்கையும் தயாராகும். களப்பணியாளரும் அந்த வேளையில் வேறு வேலை தேடத் தொடங்கியிருப்பார், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆக, ஒரு பையனோடு பேசக் கிடைப்பது ஆறு மாதம். 'ஏன் லேட்டு?' என்ற கேள்வி வருவதற்கே நான்கு மாதம் ஆயிற்று என்பதை நினைவிற்கொண்டு இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டுகிறேன். கும்பலுக்கோ திட்டக்காலம் கிடையாது, நிதியாண்டு கிடையாது. அதன் அண்ணன் மார்ச் 31-ஆம் தேதியோடு போய்விடுவதில்லை.

நான் சொன்ன களப்பணியாளரின் ஒப்பந்தமும் அப்படித்தான் முடிந்தது. புதுப்பிக்க நிதி இல்லை. போகும்போது அவர் நிரப்பிக் கொடுத்த பொறுப்பு ஒப்படைப்புப் படிவம் என் கோப்பு வழியாகத்தான் போயிற்று. பெயர், வயது, இடர்நிலை ஆகிய கட்டங்களுக்குப் பிறகு 'குறிப்பு' என்று இரண்டு வரி இடம் இருந்தது. அதில் அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "தாமதமாகப் போனால் காரணம் கேட்பான். மறைக்காமல் சொல்லிவிடவும்." மூன்று மாத இடைவெளிக்குப் பிறகு வேறொரு நல்கையில் புதிய பணியாளர் வந்தார். நல்லவர், திறமையானவர். பையன் அவரை இருமுறை சந்தித்தான். முதன்முறை அவன் கேட்டது, "நீங்கள் எத்தனை நாளைக்கு?" என்பது. அதன்பின் அவனுடைய எண் அணைந்துவிட்டது. எந்த எண் என்று கேட்டேன். அவனுடைய சொந்த எண்தான். இன்னொன்று அடித்துக்கொண்டிருந்ததா என்பது எவருக்கும் தெரியாது.

நன்கொடையாளர்கள் கணக்குக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கணக்குக் கேட்டதால்தான் எனக்குச் சம்பளம் கிடைத்தது. கேட்காத இடங்களில் பணம் எப்படிக் கரைந்தது என்பதையும் இதே தொழிலில் பார்த்திருக்கிறேன். ஒரே பெரியவர் ஒரு பிள்ளையோடு நெடுங்காலம் நெருங்கிப் பழகுவதில் ஆபத்தும் உண்டு. நம்பிக்கையைப் பெற்றவரே அதைத் தவறாகப் பயன்படுத்திய நிகழ்வுகள் இத்துறைக்குப் புதியனவல்ல. ஆகவே பின்னணிச் சரிபார்ப்பு வேண்டும். சந்திப்புகள் பதிவாக வேண்டும். மேற்பார்வையாளர் ஒருவர் அந்தப் பதிவுகளை உண்மையாகவே படிக்க வேண்டும். இயன்றவரை இரண்டாவது பணியாளர் ஒருவரும் அந்தப் பிள்ளைக்கு முதலிலிருந்தே அறிமுகமாகியிருக்க வேண்டும். அப்போதுதான் முதல் பணியாளர் நோயுற்றாலோ, சோர்ந்தாலோ கயிறு அறுந்துபோகாது. சோர்வு என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்ட கதைகளைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆற்றுப்படுத்துநர் (மனநல ஆலோசகர்) தேவை என்று நாங்கள் ஒருமுறை வரவுசெலவுத் திட்டத்தில் சேர்த்தோம்; முதல் வெட்டிலேயே அந்த வரி போயிற்று.

வெட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. தங்கள் கட்டுரை அந்த நிறுவனத்தின் நிர்வாகச் செலவு மிகக் குறைவு என்பதை ஒரு சிறப்பாகக் குறிப்பிட்டிருந்தது. வாசகர்களும் நன்கொடை கொடுக்கும் முன் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் இந்தப் பணியில் 'பொருளாக' வழங்குவதற்கு எதுவும் இல்லை. களப்பணியாளரே திட்டம்; அவருடைய ஊதியமும் பயணச்செலவும் கைபேசிக் கட்டணமும்தான் பிள்ளைக்குப் போய்ச் சேரும் உதவி. நான் பணியாற்றிய இடத்தில் நன்கொடையாளரின் படிவம் இவை அனைத்தையும் நிர்வாகச் செலவு என்ற தலைப்பின்கீழ் வைத்து, அந்தத் தலைப்புக்கு உச்சவரம்பும் விதித்திருந்தது. புத்தகப்பையும் தொப்பியும் வாங்கிக் கொடுத்திருந்தால் அது திட்டச் செலவு. ஓராண்டு நாங்கள் தொப்பியும் வாங்கினோம், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். குழுப்படத்தில் நன்றாகவே இருந்தது.

ஆகவே நல்கை வழங்குவோரிடமும், அவர்களுடைய முடிவுகள் மீது செல்வாக்குள்ள தங்கள் நாளிதழிடமும் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளோடு தனித்தனியே பழகும் பணிக்கு மூன்று ஆண்டுக்குக் குறைந்த நல்கை வேண்டாம்; அவ்வளவு தர இயலாதவர்கள், ஏற்கெனவே நடந்துவரும் பணி ஒன்றின் அறுந்த ஓராண்டை ஒட்டித் தரலாம், அதுவே பேருதவி. களப்பணியாளரின் ஊதியத்தைத் திட்டச் செலவாக ஏற்க வேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளுக்கும் அடுத்த நல்கை தொடங்கும் நாளுக்கும் இடையே பணியாளரைத் தக்கவைக்கச் சிறிய இடைக்கால நிதி ஒன்று இருக்க வேண்டும். எங்களிடம் அது மூன்று மாதத்துக்கு இருந்திருந்தால் அந்தப் பையன் இன்னொரு முகத்தைப் பார்க்க நேர்ந்திராது. அடுத்த முறை இத்தகைய நிறுவனத்தைப் பற்றி எழுதும் தங்கள் செய்தியாளர், எத்தனை பேர் பயனடைந்தனர் என்று கேட்டபின், சென்ற ஆண்டு இந்தப் பிள்ளைகளைச் சந்தித்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் பணியில் இருக்கிறார்கள் என்றும் கேட்டு அந்த விடையையும் அச்சிட வேண்டும். நிறைவறிக்கைப் படிவத்திலும் அதற்கென ஒரு கட்டம் இருக்கலாம். ஏழாண்டுகளில் நான் நிரப்பிய படிவங்களில் வாகன எரிபொருளுக்கும் பதாகைகளுக்கும் விருந்தினர் உபசரிப்புக்கும் கட்டங்கள் இருந்தன, இதற்கு இருந்ததில்லை.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணக்கர்